பதினேழு வயதில் ஒரு டிக்கெட்: டெக்சாஸ் சட்டமும் நம் வீடுகளும்

சனிக்கிழமை இரவு பன்னிரண்டரை மணிக்கு நண்பர் போன் செய்தார். டாலஸுக்கு வடக்கே உள்ள புறநகரில் எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இருப்பவர். "கொஞ்சம் வர முடியுமா?" என்று மட்டும் கேட்டார். போனபோது சாப்பாட்டு மேசை மேல் கடை ரசீது போல நீளமாக ஒரு தாள் சுருண்டு கிடந்தது. போலீஸ்காரர் கைக்கடக்கமான பிரிண்டரில் அடித்துக் கொடுத்த குற்ற அறிவிப்பு, இங்கே 'டிக்கெட்' என்பார்கள். பையனின் பெயர், பிறந்த தேதி, லைசென்ஸ் எண், மைனர் மது வைத்திருந்த குற்றம், கோர்ட்டுக்கு வர வேண்டிய கெடு, கீழே கோணல்மாணலாக அவன் கையெழுத்து.

பள்ளி முடிக்கப்போகிற பிள்ளைகள் ஒரு நண்பன் வீட்டுப் பின்கட்டில் கூடியிருக்கிறார்கள். பாட்டுச் சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தில் யாரோ போலீஸைக் கூப்பிட்டிருக்கிறார்கள். "நான் குடிக்கவே இல்லப்பா, கேன் கையில இருந்துச்சு, அவ்வளவுதான்" என்றான் பையன். "குடிக்காதவனுக்கு எதுக்குடா டிக்கெட் குடுப்பாங்க?" என்றார் அப்பா. அப்புறம் குரல் உடைந்து, "நம்ம வீட்ல யாருக்குமே இந்தப் பழக்கம் கிடையாதேடா" என்றார். அம்மாவின் கவலை வேறு. "ஏன்டா கையெழுத்துப் போட்ட? ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?"

அம்மாவின் கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடிந்தது. டெக்சாஸில் டிக்கெட்டில் போடும் கையெழுத்து, குறிப்பிட்ட நாளுக்குள் கோர்ட்டில் ஆஜராவேன் என்ற உறுதிமொழி மட்டும்தான். குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது. அப்பாவுக்குப் பதில் சொல்லத்தான் சங்கடமாக இருந்தது. டெக்சாஸ் மதுச் சட்டத்துக்கு 21 வயது ஆகாதவர் மைனர். அதன் 106-ஆவது அத்தியாயத்தில் மைனர் மது வாங்குவது, குடிப்பது, வைத்திருப்பது, வயதைப் பற்றிப் பொய் சொல்வது எல்லாம் தனித்தனிக் குற்றங்கள். கேன் கையில் இருந்தாலே போதும். ஒரு வாய்கூடக் குடித்திருக்க வேண்டியதில்லை.

இந்த 21 என்ற வயது எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. 1971-இல் அமெரிக்காவில் ஓட்டுரிமை வயது 18 ஆனபோது பல மாநிலங்கள் மது வயதையும் இறக்கின. டெக்சாஸ் 1973-இல் 18 ஆக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் இளம் ஓட்டுநர்களின் குடிபோதை விபத்துகள் பெரிய பிரச்சினையாகப் பேசப்பட்டன. 1980-இல் கலிஃபோர்னியாவில் 13 வயது மகளைப் போதையில் வந்த கார் மோதிப் பறிகொடுத்த கேண்டி லைட்னர், குடித்துவிட்டு ஓட்டுவதற்கு எதிரான அம்மாக்களின் அமைப்பைத் தொடங்கினார். 1984-இல் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டம், மது வயதை 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கை நிறுத்திவைக்கும் என்றது. தெற்கு டகோட்டா எதிர்த்து வழக்குப் போட்டு 1987-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. டெக்சாஸ் அதற்கு முந்தைய ஆண்டே 21-க்கு வந்துவிட்டது. ஆக, இந்தச் சட்டம் பிறந்தது சாலையில் செத்துப்போன பிள்ளைகளை முன்வைத்து. அதனால்தான் வண்டியே ஓட்டாத பையனுக்கும் தண்டனை டிரைவிங் லைசென்ஸில் போய் விழுகிறது.

தமிழ்நாட்டிலும் சட்டப்படி வயது 21தான். ஆனால் கையில் பாட்டில் வைத்திருந்ததற்காக ஒரு பிளஸ் டூ மாணவன் கோர்ட் ஏறிய கதையை ஊரில் நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? அங்கே இது வீட்டுக்குள் அடியோ அழுகையோ ஆகி முடிந்துவிடும். அந்த நினைப்போடு வந்த பெற்றோருக்கு இங்கே ஒரு தாள், ஒரு வழக்கு எண், ஒரு ஜட்ஜ் என்று வந்து நிற்கும்போது கை கால் ஓடுவதில்லை.

முதல் முறை என்றால் இது 'சி' வகைச் சிறு குற்றம். அபராதம் 500 டாலர் வரை. சிறை கிடையாது. கூடவே 8 முதல் 12 மணி நேரம் சமூக சேவை, மது விழிப்புணர்வு வகுப்பு. குற்றவாளி என்று தீர்ப்பானால் 30 நாள் லைசென்ஸ் முடக்கம். இரண்டாம் முறை என்றால் சேவை 20 முதல் 40 மணி நேரம், முடக்கம் 60 நாள். மூன்றாவது முறை 180 நாள் முடக்கம், 17 வயது நிரம்பியவர்களுக்குச் சிறை வாய்ப்பும் உண்டு. முப்பது நாள் என்பது சின்னதாகத் தெரியலாம். பஸ்ஸே வராத புறநகரில், பால் வாங்கவே கார் எடுக்க வேண்டிய இடத்தில், அம்மா அப்பா இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், அது ஒரு மாதம் முழுக்க யார் கொண்டுவிடுவது என்ற சண்டை.

ஊருக்கு ஊர் இது மாறும். நியூயார்க்கில் இதே மாதிரி விஷயத்துக்கு அபராதம் 50 டாலர் வரைதான். பென்சில்வேனியாவில் போலீஸே பெற்றோருக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். அதனால் வேறு மாநிலத்து உறவினர் வாட்ஸ்அப்பில் சொல்லும் அனுபவத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

அந்த இரவு நண்பர் சொன்ன அடுத்த வார்த்தையைத்தான் பெரும்பாலான பெற்றோர் சொல்வார்கள். "காசைக் கட்டி முடிச்சிடலாம், வெளிய யாருக்கும் தெரிய வேணாம்." வேகமாக ஓட்டி வாங்கும் டிக்கெட்டை அப்படி ஆன்லைனில் கட்டலாம். இதை முடியாது. 21 வயதுக்குக் கீழே உள்ளவர் மது வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொள்வதானால், திறந்த நீதிமன்றத்தில் ஜட்ஜ் முன்னால் நின்றுதான் செய்ய வேண்டும் என்று அதே அத்தியாயம் சொல்கிறது. 17 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரும் கூட வர வேண்டும். பயந்துகொண்டு கோர்ட்டுக்கே போகாமல் இருந்துவிட்டாலோ 17 நிரம்பிய பிள்ளைக்கு வாரண்ட் வரும். சின்ன விஷயம் கைது வரை போவது அப்படித்தான்.

நகர நீதிமன்றத்துக்கு நானும் கூடப் போனேன். காலை எட்டரைக்கே மரபெஞ்சுகள் நிரம்பியிருந்தன. சிவப்பு விளக்கைத் தாண்டியவர்கள், வேலி ஒழுங்காக இல்லாத வீட்டுக்காரர்கள், நாயைக் கட்டாதவர்கள், நடுவே இஸ்திரி போட்ட சட்டையில் இவன். ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு மூன்று நிமிடம். எங்களுக்கு முன்னால் ஒரு பெண், பத்தொன்பது இருபது வயதிருக்கும், தனியாக வந்திருந்தாள். இதே வகைக் குற்றம். ஜட்ஜ் கேட்டு முடிக்குமுன்னே "கில்ட்டி" என்று சொல்லிவிட்டு, ஜன்னலில் பணம் கட்டப் போய்விட்டாள். சீக்கிரம் அங்கிருந்து வெளியேற வேண்டும் என்ற அவசரம் அவள் முதுகிலேயே தெரிந்தது. அவள் கேட்டிருக்க வேண்டிய ஒரு விஷயம் இருந்தது. யாரும் அவளிடம் சொல்லவில்லை.

அது ஒத்திவைப்பு ஏற்பாடு. ஜட்ஜ் தீர்ப்பை அதிகபட்சம் 180 நாள் தள்ளிவைப்பார். அந்தக் காலத்தில் வகுப்பை முடித்து, சேவை மணிகளைக் கழித்து, கோர்ட் செலவைக் கட்டி, வேறு வம்பில் சிக்காமல் இருந்தால் வழக்கு தள்ளுபடி ஆகும். வகுப்பும் சேவையும் இதிலும் கட்டாயம்தான். ஆனால் லைசென்ஸ் முடக்கம் தீர்ப்பானவர்களுக்கு மட்டுமே என்பதால் அது தப்பும். ஒரு எச்சரிக்கை: அடுத்த முறை மாட்டினால், இந்த ஒத்திவைப்பையும் முதல் குற்றமாகவே கணக்கில் எடுப்பார்கள்.

அபராதம் மட்டுமே தண்டனையான வழக்கில் அரசு செலவில் வக்கீல் கிடைப்பதில்லை. சொந்தமாக வைத்துக்கொள்ளலாம். கிரீன் கார்டு கூட இல்லாத குடும்பம் கட்டாயம் ஒருவரைக் கேட்டுவிட்டே ஜட்ஜ் முன்னால் வாய் திறக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அபராதத்தைவிட வக்கீல் செலவு அதிகம் என்று நண்பரே தயங்கினார். அந்தக் கணக்கு ஏன் தப்பு என்பதற்குக் குடியேற்றச் சட்டத்துக்குள் போக வேண்டும்.

மாநிலச் சட்டம் 'தள்ளுபடி' என்று சொல்வதை மத்திய குடியேற்றச் சட்டம் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. 1996-இல் மாற்றி எழுதிய விளக்கப்படி, ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அல்லது மறுக்காமல் விட்டு, ஜட்ஜ் ஏதாவதொரு கட்டுப்பாட்டை விதித்திருந்தால், தீர்ப்பு தள்ளிவைக்கப்பட்டிருந்தாலும் அதைத் தண்டனை பெற்றதாகப் பார்க்க இடமுண்டு. பதற வேண்டாம். மைனர் கையில் ஒரு கேன் இருந்தது என்பதற்காக மட்டும் நாட்டைவிட்டு அனுப்ப அந்தச் சட்டத்தில் பிரிவு இல்லை. போலி ஐடி சேர்ந்தால் விஷயம் வேறு, ஏமாற்று என்ற சாயல் வந்துவிடும். வண்டி ஓட்டியிருந்தால் இன்னும் வேறு. 21-க்குக் கீழே இருப்பவர் உடலில் துளி மது இருந்தாலும் ஓட்டக்கூடாது. முதல் முறைக்கே 60 நாள் லைசென்ஸ் போகும். 0.08 அளவைத் தொட்டால் பெரியவர்களுக்கான குடிபோதை வழக்கே பாயும். 2015 முதல், குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைதானாலே, தீர்ப்புக்குக் காத்திராமல் விசாவை ரத்து செய்யத் தூதரகங்களுக்கு வழிகாட்டுதல் இருக்கிறது.

அப்புறம் படிவங்கள். கிரீன் கார்டுக்கான ஐ-485, குடியுரிமைக்கான என்-400 இரண்டும் கைதானதை மட்டும் கேட்பதில்லை. எப்போதாவது சைட்டேஷன், அதாவது இதே போன்ற டிக்கெட், வாங்கியிருக்கிறீர்களா என்றும் கேட்கும். பதினேழு வயதில் வாங்கிய அந்தச் சுருண்ட தாள் முப்பது வயதில் குடியுரிமை நேர்காணலில் மேசைக்கு வரும். உண்மையைச் சொல்லி, கோர்ட் கொடுத்த சான்றளித்த நகலை நீட்டினால் பெரும்பாலும் அதோடு போய்விடும். மறைத்தால்தான் ஆபத்து. குடியேற்றச் சலுகைக்காகச் சத்தியம் செய்து பொய் சொன்னவருக்கு நன்னடத்தை இல்லை என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. பதினேழு வயதில் கேன் பிடித்ததற்கு அப்படி எந்த வரியும் இல்லை.

2025 வசந்தத்தில் நடந்ததை இங்குள்ள நம் மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் பதிவுகள் அரசின் மாணவர் விசாக் கணினியில் திடீரென்று நீக்கப்பட்டன. சாலை விதி மீறல், தள்ளுபடியான பழைய வழக்கு என்று சின்னச் சின்னப் போலீஸ் தொடர்பு மட்டுமே இருந்தவர்களும் அதில் இருந்தார்கள். வழக்குகள் குவிந்த பிறகு ஏப்ரல் கடைசியில் அரசு பின்வாங்கியது. ஆனாலும் சென்னைக்கு விசா ஸ்டாம்பிங் போகலாமா வேண்டாமா என்று அந்த ஒரு மாதம் வீடுகளில் நடந்த பேச்சு கொஞ்சமல்ல. "ஒண்ணும் ஆகாது, சின்ன டிக்கெட்தானே" என்று யாராவது சொன்னால் எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.

நண்பர் ஹெச்-1பி என்ற வேலை விசாவில் இருக்கிறார். பையன் அவரைச் சார்ந்த ஹெச்-4 விசாவில். கிரீன் கார்டு வரிசை எப்போது நகரும் என்று தெரியாது. 21 வயது ஆனதும் அவன் அப்பாவின் விசா நிழலிலிருந்து வெளியே வந்தாக வேண்டும், பெரும்பாலும் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். அதற்கும் விண்ணப்பம், அதிலும் இதே மாதிரிக் கேள்விகள். டெக்சாஸ் சட்டப்படி, மைனராக இருந்தபோது ஒரே ஒரு முறை மட்டும் தண்டனை பெற்றவர், 21 வயதானதும் அந்தப் பதிவை அழிக்கக் கோரி அதே கோர்ட்டில் மனுப் போடலாம். சட்டப்படி குடிக்கலாம், பழைய பதிவை அழிக்கலாம், அப்பாவோடு இருந்த விசா முடியும், எல்லாம் ஒரே பிறந்தநாளில். பல பெற்றோர் ஒரு இடத்தில் ஏமாந்துபோகிறார்கள். மாநிலம் அழித்த பதிவையும் குடியேற்றத் துறையிடம் சொல்லியாக வேண்டும். ஆகவே அழிக்க மனுப் போடும் முன்பே சான்றளித்த நகல் இரண்டு மூன்று வாங்கி பத்திரப்படுத்துங்கள். அழித்த பிறகு போய்க் கேட்டால் கோர்ட்டில் கொடுக்க ஒன்றும் இருக்காது.

கல்லூரி பக்கம் வருவோம். 18 ஆனால் பிள்ளையின் மதிப்பெண்ணைக்கூட அவர்கள் அனுமதி இல்லாமல் கல்லூரி பொதுவாகப் பெற்றோரிடம் சொல்லாது. அதற்கு விதிவிலக்காக 1998-இல் ஒரு திருத்தம் வந்தது. 21-க்குக் கீழே உள்ள மாணவர் மது அல்லது போதைப்பொருள் விதியை மீறினால் கல்லூரி பெற்றோருக்குத் தெரிவிக்கலாம். 'தெரிவிக்கலாம்' என்பதுதான் சொல். கட்டாயம் இல்லை. அதனால் விடுதியில் நடந்ததைச் சில பெற்றோர் கடிதம் வந்து தெரிந்துகொள்கிறார்கள், சிலர் கடைசி வரை தெரிந்துகொள்வதே இல்லை. மருத்துவம் என்று கனவு காணும் நம் வீடுகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பம், கல்லூரியில் ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது எடுக்கப்பட்டதா என்று கேட்கிறது. போலீஸே வராத விடுதி அறை விவகாரமும் அங்கே பதிவாகும். வக்கீலாகப் பதிவு செய்யும்போதும் பழைய டிக்கெட்டுகளைத் தோண்டுவார்கள்.

பெற்றோர் மாட்டும் இடம் இன்னொன்று இருக்கிறது. தீபாவளிப் பார்ட்டியில் கீழே கராஜில் பெரியவர்கள், மேலே கேம் ரூமில் பிள்ளைகள், நடுவில் சமையலறையில் திறந்தே கிடக்கும் ஐஸ் பெட்டி. டெக்சாஸில் பெற்றோர் கண்முன்னே சொந்தப் பிள்ளை குடித்தால் அது குற்றமாகாது. இதை அரைகுறையாகத் தெரிந்துகொண்டு "நம்ம வீட்டுக்குள்ளதானே" என்கிறார்கள். அந்த விலக்கு உங்கள் பிள்ளைக்கு மட்டும்தான். பக்கத்து வீட்டுப் பையனுக்கு நீங்கள் கொடுத்தாலோ, எடுத்துக்கொள்ளும்படி கவனமில்லாமல் வைத்திருந்தாலோ, உங்கள் மேல் வருவது 'ஏ' வகைக் குற்றம். ஓராண்டு வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம். பிள்ளையின் டிக்கெட்டோடு ஒப்பிடவே முடியாத கனம், அதுவும் விசாவில் இருப்பவருக்கு. 18-க்குக் கீழே உள்ள பிள்ளை அப்படிக் குடித்து விபத்து நடந்தால் நஷ்டஈட்டு வழக்கும் வீட்டுக்காரரைத் தேடி வரும்.

பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்லும்போது ஒன்றை முதலில் சொல்லுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். நண்பன் அளவுக்கு மீறிக் குடித்து மயங்கிக் கிடந்தால் 911-ஐ அழைக்க வேண்டும். முதலில் அழைத்து, உதவி வரும் வரை அங்கேயே இருந்து, வந்தவர்களோடு ஒத்துழைக்கும் மைனருக்குக் குடித்த குற்றமும் வைத்திருந்த குற்றமும் பொருந்தாது என்று 2011 முதல் டெக்சாஸ் சட்டத்தில் இருக்கிறது. டிக்கெட்டுக்குப் பயந்து "தூங்கட்டும், சரியாயிடும்" என்று விட்டுவிட்டுப் போகக்கூடாது. அப்பா அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் போலீஸ் பயத்தைவிடப் பெரியது என்பதால், இதை வீட்டில் பெரியவர்கள்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

நண்பர் வீட்டில் அந்த வாரம் முழுக்க யாரும் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. ஊரிலிருந்து பாட்டி வீடியோவில் வந்தபோது பையன் மாடியை விட்டு இறங்கவில்லை. தமிழ்ப் பள்ளியில் தெரிந்துவிடுமோ என்று அம்மா இரண்டு ஞாயிறு போகவில்லை. எனக்குத் தெரிந்து இதுவரை யாரும் அவர்களை எதுவும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு வக்கீலைப் பார்த்தார்கள். அவர் குடியேற்ற வக்கீல் ஒருவரிடமும் கலந்து பேசிய பிறகே பையன் ஜட்ஜ் முன்னால் நின்றான். வழக்கு ஒத்திவைக்கப்பட்டது.

பதினேழு வயதுக்காரன் டெக்சாஸ் குற்றச் சட்டத்துக்குப் பெரியவன், மதுச் சட்டத்துக்கு மைனர், விழிப்புணர்வு வகுப்புக்குக் குழந்தை. 18 ஆகாதவர் என்றால் பெற்றோரும் வகுப்பில் உட்கார வேண்டும் என்று ஜட்ஜ் உத்தரவிடலாம். இவர்களுக்கு அப்படித்தான் ஆனது. மொத்தம் ஆறு மணி நேரம். அப்பா போனார். பிளாஸ்டிக் நாற்காலி, பள்ளிப் பையன்கள், ஓரத்தில் ஆபீஸ் சட்டையோடு இவர். பாடம் நடத்திய அம்மா எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்து, போதையில் ஒருவரை நீங்கள் முதன்முதலாகப் பார்த்தது எப்போது என்று எழுதச் சொன்னார். பெற்றோருக்கும் அதே தாள்.

எழுதுகிறேன் என்று சொன்னபோது, இதையும் சேர்த்தே எழுது என்றார் நண்பர். வெற்றுத் தாளைக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தாராம். பிறகு ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினார். திருநெல்வேலிப் பக்கம் ஒரு ஊர், தனக்கு எட்டு வயது, தெருவில் விழுந்து கிடந்த அப்பாவைத் தூக்கிவர அம்மா தன்னை அனுப்பியது, சின்னக் கையால் அவர் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்து பையன் அதைப் படித்துக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

திரும்பும் வழியில் ரொம்ப நேரம் இருவரும் பேசவில்லை. வீட்டுக்குத் திரும்ப வேண்டிய சிக்னலில்தான் பையன் கேட்டான். "தாத்தாவாப்பா?"

நண்பர் திரும்பாமல் நேராக ஓட்டினாராம். "ஆமாடா" என்று தொடங்கி, பிளேனோ தாண்டி, ரிச்சர்ட்சன் வரை போய்த் திரும்பி வந்திருக்கிறார்கள்.